"வேறு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள்?": பார்மசி மாணவர்களுக்குத் துணை மருத்துவம் நடத்தும் விதம்

வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து மக்கள் எடுக்கும் மூலிகை, வைட்டமின் போன்றவற்றைத்தான் துணை மருத்துவம் என்கிறேன். முதல் வருடம் நான் மூலிகைகளை வரிசையாக நடத்தினேன். தேர்வில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள். நோயாளியிடம் பேச விட்டால் மட்டும், "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் எழுந்துவிட்டார்கள். மூலிகை மாத்திரையையும் வைட்டமினையும் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதனால் இப்போது முதல் வகுப்பே கேள்வி கேட்கும் பயிற்சிதான். ஒருவர் மருந்தாளுநர், ஒருவர் நோயாளி. நோயாளி கையில் ஒரு துண்டுச் சீட்டு: "மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரை எடுக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கேட்டால் சொல்லுங்கள். முகம் சுளித்தால் மறைத்துவிடுங்கள்." அந்தக் கடைசி வரி முக்கியம். கேலி செய்கிறவரிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

அடுத்து, ஒரே ஒரு மூலிகையை ஆழமாக எடுங்கள். நான் எடுப்பது மனச்சோர்வுக்குப் பலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற வேதிப்பொருள், கல்லீரலிலும் குடலிலும் பல மருந்துகளைச் சிதைக்கும் சிவைபி3ஏ4 (CYP3A4) நொதியைப் பெருக்குகிறது. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை எடுக்கும் சிறுநீரக மாற்று நோயாளிக்கு இரத்தத்தில் மருந்தளவு இறங்கி, உடல் அந்தச் சிறுநீரகத்தையே நிராகரிக்கும் நிலை வரலாம். கருத்தடை மாத்திரையும் பலனிழக்கலாம். மருந்தளவு இறங்கும் கோட்டைக் கரும்பலகையில் மாணவர்களே வரையட்டும். அப்புறம் கேளுங்கள்: "சைக்ளோஸ்போரின் டோஸை ஏற்கெனவே கூட்டியிருந்தால், மூலிகையை இன்று நிறுத்தினால் என்ன ஆகும்?" வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகும். நொதி சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்ப, மருந்தளவு ஏறி நச்சாகலாம். "உடனே நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது, மருத்துவரிடமும் பேச வேண்டும் என்பது அங்கேதான் புரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கலாம். அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும், டிகாக்சின் என்ற இதய மருந்தோடு ஆபத்து. கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். பயோட்டின் என்ற வைட்டமின் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டும்.

ஆபத்தை மட்டுமே நடத்தினால் அது பாதிப் பாடம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டிலுள்ள அக்குபங்சர் புள்ளியைத் தூண்டுவதில் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அதையும் அதே கண்டிப்போடு படிக்கச் சொல்லுங்கள்.

தேர்வுக்கும் அதே துண்டுச் சீட்டுதான். "இல்லை" என்ற பதிலுக்குப் பிறகு வரும் அடுத்த கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுகிறேன்.