பாதி கட்டிய மோட்டார்வே: பழைய படத்தை வைத்து இடத்தையும் ஆண்டையும் கண்டுபிடிப்பது எப்படி

பிரிட்டனில் மோட்டார்வே (வேகமாக ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான நெடுஞ்சாலை) போட்ட காலத்துப் படங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். சேறு, லாரி, வயல் நடுவே தன்னந்தனியாக நிற்கும் ஒரு பாலம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படத்தின் ஓரங்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் ஒவ்வொரு படமும் வேறு வேறு என்று புரிந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு சாலை

எல்லாச் சாலைகளையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். லண்டன் பக்கமிருந்து வடக்கே போகும் எம்1 மோட்டார்வேயின் முதல் பகுதி போதும். வேலை தொடங்கியது 1958 மார்ச் 24, திறப்பு 1959 நவம்பர் 2. ஜான் லைங் என்ற கட்டுமான நிறுவனத்தின் பங்கு மட்டும் சுமார் 55 மைல், அதைப் பத்தொன்பதே மாதத்தில் முடித்தார்கள். காலம் இவ்வளவு குறுகலாக இருப்பது நமக்கு வசதி. கட்டுமானப் படம் என்று தெரிந்துவிட்டால் ஆண்டு ஏறக்குறைய தானாகவே வந்துவிடும்.

படி 2: படங்களை எடுப்பது

லைங் நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு இப்போது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான படங்களை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். படத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அதன் எண், கீழே உள்ள விவரக் குறிப்பு, உரிமை விவரம் மூன்றையும் அதே நிமிடம் எழுதி வையுங்கள். நான் ஆரம்பத்தில் இதைச் செய்யாமல் விட்டு, பின்னால் நாற்பது படங்களை மறுபடி தேட வேண்டியதாயிற்று.

படி 3: வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது

முதலில் மேல்மண்ணை வழித்தெடுப்பார்கள். அப்புறம் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவார்கள், வடிகால் போடுவார்கள், எம்1-இல் அடித்தளமாகச் சிமெண்ட் குறைவான கான்கிரீட்டைப் பரப்பி அதன்மேல் தார்க்கலவை போட்டார்கள். பாலங்கள் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை, மண் வேலை வந்து சேரும் முன்பே பல இடங்களில் எழும்பி நிற்கும். வயல் நடுவே பாலம் நிற்பதன் காரணம் அதுதான். எம்1-இல் ஓவன் வில்லியம்ஸ் என்ற பொறியாளரின் நிறுவனம் வடிவமைத்த மேம்பாலங்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. நடுத்திட்டில் தடித்த கான்கிரீட் தாங்கிகள், அதற்கு இரு பக்கமும் வண்டிகள் போக ஒவ்வொரு கண் (தாங்கிகளுக்கு இடையிலான திறப்பு), அலங்காரம் என்று எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் பலர் அவற்றை அழகில்லை என்றார்கள். எனக்கு அவற்றின் முரட்டுத்தனம் பிடிக்கும்.

படி 4: ஆண்டைப் பிடிப்பது

கட்டுமானம்தானா என்று சந்தேகமாக இருக்கிற படங்களில், அல்லது வேறு சாலைப் படங்களில், வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் ஒற்றை எழுத்து சேர்க்கும் முறை 1963-இல் தொடங்கியது. ‘ஏ’ என்றால் 1963, ‘பி’ 1964, ‘சி’ 1965. ‘சி’ என்று முடியும் ஒரு லாரி நின்றால் படம் 1965-க்கு முந்தையது இல்லை. ஆனால் பிந்தையதாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், பழைய லாரி பத்து வருடம் ஓடும் இல்லையா? முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்று வெளிச்சம் பட்டால் மின்னும் பிளேட்டுகள் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமானது 1973-இல்.

வழிகாட்டிப் பலகைகளும் உதவும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற மோட்டார்வே பலகையை ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் வடிவமைத்தார்கள், 1958-இல் வடமேற்கு இங்கிலாந்தின் பிரஸ்டன் புறவழிச்சாலையில்தான் முதலில் வைத்தார்கள். சாதாரணச் சாலைகளுக்கு அவர்களுடைய புதிய பலகைகள் 1960-களின் நடுப்பகுதியிலிருந்துதான் வந்தன.

அந்தப் பிரஸ்டன் சாலையில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டனின் முதல் மோட்டார்வே அது, எட்டேகால் மைல், 1958 டிசம்பர் 5 அன்று பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் திறந்து வைத்தார். 46 நாள்தான் ஓடியது. தளத்துக்குள் இறங்கிய நீர் உறைபனியில் இறுகி, பிறகு உருகியதில் சாலை சேதமாகிவிட, பழுது பார்க்க மூடிவிட்டார்கள். அப்புறம் 1966-இல் ஒவ்வொரு பக்கமும் மூன்று தடமாக அகலப்படுத்தினார்கள். ஆட்கள் ஓரத்தைத் தோண்டுகிற ஒரு பிரஸ்டன் படம் கிடைத்தால் ‘1958, கட்டுமானம்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். அது 1959 ஜனவரியாகவும் இருக்கலாம், 1966 ஆகவும் இருக்கலாம்.

படி 5: இடத்தைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் படத்தின் ஓரம் கைகொடுக்கும். தேவாலயக் கோபுரம், மின்கோபுர வரிசை, ரயில் பாதை, வாய்க்கால், வேலியின் வளைவு என்று தெரிகிறதை எல்லாம் பட்டியல் போடுங்கள். பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்துக்குப் போங்கள் (இங்கிலாந்து வரைபடங்களும் அங்கே உண்டு). பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்து ஒன்றாக நகர்த்தலாம். பழகுவதற்கு நல்ல இடம் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள வாட்ஃபோர்ட் கேப். எம்1, ஏ5 சாலை, ரயில் பாதை, கிராண்ட் யூனியன் கால்வாய் நான்கும் ஒரு குறுகிய இடைவெளியில் நெருங்கி வருகின்றன, அதனால் படத்தில் இரண்டு தெரிந்தாலே எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று சொல்லிவிடலாம். இன்றைய நிலையைப் பார்க்க, இடம்வாரியாகப் படங்களைச் சேர்த்து வைக்கும் ஜியோகிராஃப் தளம் போதும்.

படி 6: குறிப்பைச் சரிபார்ப்பது

படத்தோடு சேர்ந்து வரும் கதையை அப்படியே நம்ப வேண்டாம். வட இங்கிலாந்தில் மலையைக் கடக்கும் எம்62 மோட்டார்வேயில், போகிற சாலைக்கும் வருகிற சாலைக்கும் நடுவே ஸ்டாட் ஹால் என்ற பண்ணை வீடு நிற்கிறது. விவசாயி நிலத்தை விற்க மறுத்தார், அதனால் சாலை பிரிந்து போனது என்று இன்றும் பகிர்கிறார்கள். உண்மைக் காரணம் அந்த மலைச்சரிவின் மண்ணும் பாறையும். இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் சேர்த்துப் போட நிலம் இடம் தரவில்லை.

படி 7: ஆட்களைப் பார்ப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் படங்களில் பல, வேலை எவ்வளவு நகர்ந்தது என்று காட்ட நிறுவனமே எடுத்தவை. கேமரா இயந்திரத்தையும் பாலத்தையும்தான் பார்த்தது, ஆட்கள் மூலையில் தற்செயலாக விழுந்திருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல், துணித்தொப்பியும் கோட்டுமாக, முழங்கால் வரை சேற்றில். அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறைய. பாலத்தின் பெயர் குறிப்பில் இருக்கும், இவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் எத்தனை பேர், கையில் என்ன கருவி, என்ன செய்கிறார்கள் என்று நீங்களாவது எழுதி வையுங்கள்.

படி 8: முடிவை எழுதுவது

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி: எங்கே, எப்போது, எதை வைத்துச் சொல்கிறேன். மூன்றாவது வரியை விட்டால் முதல் இரண்டும் வெறும் ஊகம்தான். ஆண்டு உறுதியாகவில்லை என்றால் ‘1965-க்குப் பின்’ என்றே எழுதுங்கள். வேறொருவர் அதே பாலத்தின் இன்னொரு படத்தோடு வரும்போது அங்கிருந்து தொடர முடியும்.