அமெரிக்கா வந்ததும் கேரியர்ல மாட்டாம நல்ல போன் வாங்குறது எப்படி

நான் இங்க வந்த முதல் வருஷம் ஊருக்குப் போறப்ப தம்பிக்கு ஒரு சாம்சங் வாங்கிட்டுப் போனேன், ஒரு கேரியர் (நம்ம ஊர் ஜியோ, ஏர்டெல் மாதிரி நெட்வொர்க் கம்பெனி) கடைல பாதி விலைன்னு போர்டு வெச்சிருந்தாங்க, மாசாமாசம் பில்லுல கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துரும்னு சொன்னாங்க, சரின்னு எடுத்துட்டேன். திருநெல்வேலில வீட்டுக்குப் போயி அவன் ஆசையா ஜியோ சிம்ம எடுத்துப் போட்டான், ஸ்க்ரீன்ல சிம் நெட்வொர்க் அன்லாக் பின் போடுன்னு கேக்குது. அந்த பின் யாருகிட்டயும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்கா நம்பருக்கு போன் பண்ணி கேட்டா, மீதி பணத்த முழுசா கட்டுங்க, அதுக்கப்புறம்தான் அன்லாக் பண்றதப் பத்தி பேச முடியும்ங்குறாங்க. அவன் முகம் வாடிப் போனது இன்னும் கண்ணுல நிக்குது. போன திரும்ப என் பெட்டிலயே எடுத்துட்டு வந்தேன்.

வருஷா வருஷம் மாஸ்டர்ஸ் படிக்க வர்ற தம்பி தங்கச்சிங்க இதே எடத்துல மாட்டுறாங்க, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன். நம்ம ஊர்ல போன் கடைக்குப் போனா போன் தனி சிம் தனி, எந்த சிம் போட்டாலும் ஓடும், அதனால லாக்குன்னு ஒன்னு இருக்குறதே நமக்குத் தோணாது. இங்க அப்படி இல்ல, கேரியர் லாக் போட்ட போன் அவங்க சிம்ம மட்டும்தான் எடுக்கும், எந்த சிம் போட்டாலும் ஓடுறதுக்குப் பேருதான் அன்லாக்டு.

மொதல்ல "ஃப்ரீ போன்" எப்படி வேல செய்யுதுன்னு புரிஞ்சுக்கங்க. வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் இந்த மூணும்தான் இங்க பெரிய கேரியர். முன்னாடியெல்லாம் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்டுன்னு கையெழுத்து வாங்குவாங்க, 2013ல டி-மொபைல் அத நிறுத்துச்சு, மத்தவங்களும் அடுத்த சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. ஆனா கான்ட்ராக்ட் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க, வேற ரூபத்துல இருக்கு. 800 டாலர் போன உங்க பேர்ல தவணைல எழுதிடுவாங்க, வெரைசன், ஏடி அண்ட் டின்னா பெரும்பாலும் 36 மாசம், டி-மொபைல்னா 24 மாசம். மாசம் தவணை 22 டாலர்னா அதே 22 டாலர பில்லுல கிரெடிட்டா கழிச்சுக் காமிப்பாங்க, அதான் ஃப்ரீ. நடுவுல நீங்க வேற கேரியருக்கு மாறினா, இல்ல லைன க்ளோஸ் பண்ணா, அந்த கிரெடிட் அன்னிக்கே நின்னுரும், மீதித் தவணை மொத்தமும் உங்க தலைல. பெரும்பாலான ஆஃபர்ல முன்கூட்டியே கட்டி முடிச்சாலும் மிச்ச கிரெடிட் கிடைக்காது. அதுக்கும் மேல, ஃப்ரீ வேணும்னா அவங்களோட வெல கூடின அன்லிமிடெட் ப்ளான்லதான் இருக்கணும்.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. அந்த ப்ளான் ஒரு லைனுக்கு சுமாரா மாசம் 80 டாலர்னு வெச்சுக்கங்க, 36 மாசத்துக்கு 2,880 டாலர். அதே போன நீங்களே 800 குடுத்து அன்லாக்டா வாங்கி, மாசம் 25 டாலர் ப்ளான்ல ஓட்டுனா 800ம் 900ம் சேர்ந்து 1,700. ஏறக்குறைய 1,200 டாலர் மிச்சம். ஒரு டிக்கெட் போட்டு அம்மாவப் பாத்துட்டு வந்துரலாம் அந்தக் காசுல. இதுல ஆக்டிவேஷன் ஃபீன்னு தனியா ஒன்னு வரும், கலிஃபோர்னியா மாதிரி ஸ்டேட்டுல கேரியர் டீல்ல போன் பாதி விலைக்குக் குடுத்தாலும் முழு விலைக்கு சேல்ஸ் டாக்ஸ் போடுவாங்க, அதையெல்லாம் நான் கணக்குல சேக்கவே இல்ல.

புதுசா வர்ற ஸ்டூடன்ட்டுக்கு இன்னொரு விஷயம், உங்ககிட்ட சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (இங்க அரசாங்கம் குடுக்குற அடையாள நம்பர்) இருக்காது, கேம்பஸ்ல வேல கிடைச்சாத்தான் வரும், கடன ஒழுங்கா கட்டுனதுக்கான பதிவு, அதாவது கிரெடிட் ஹிஸ்டரியும் இருக்காது, அதனால தவணைல போன் கேட்டா ஒன்னு முடியாதும்பாங்க இல்ல டெபாசிட் கேப்பாங்க. அதுக்காக வருத்தப்படாதீங்க. ஊர்ல இருந்து கொண்டு வந்த போனையே நவம்பர் வரைக்கும் ஓட்டுங்க. ஆகஸ்ட்ல செமஸ்டர் ஆரம்பிக்குது, நவம்பர் கடைசில பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வருது, நடுவுல செப்டம்பர்ல புது ஐபோன் வரும், வந்த அன்னிக்கே பழைய மாடல்ல ஆப்பிள் கடைல வெச்சிருக்குறதுக்கு வழக்கமா 100 டாலர் கொறையும். 2025 செப்டம்பர்ல ஐபோன் 17 வந்தப்ப ஐபோன் 16 விலை 799ல இருந்து 699 ஆச்சு. மூணு மாசம் பொறுத்தா போதும்.

எந்த போன் வாங்குறதுன்னு கேட்டா நான் எல்லாருக்கும் சொல்றது ஒன்னுதான், இந்த வருஷத்து மிட்ரேஞ்ச் போன விட போன வருஷத்து டாப் போன் வாங்குங்க. முன்னாடி இப்படிச் சொல்ல முடியாது, ஏன்னா ரெண்டு வருஷத்துல அப்டேட் நின்னுரும். இப்ப நெலம வேற. 2023 அக்டோபர்ல வந்த பிக்சல் 8ல இருந்து கூகுள் ஏழு வருஷம் அப்டேட் தருது, 2024 ஜனவரில வந்த கேலக்ஸி எஸ்24ல இருந்து சாம்சங்கும் ஏழு வருஷம். அப்ப எஸ்24 வாங்குனா 2031 வரைக்கும் கவலை இல்ல. ஆப்பிள் 2025ல விட்ட ஐஓஎஸ் 26 கூட 2019ல வந்த ஐபோன் 11 வரைக்கும் கிடைக்குது. கேமரா, ஸ்க்ரீன், ஸ்பீடு எல்லாத்துலயும் ஒரு வருஷம் பழைய டாப் போன் உங்களுக்கு அஞ்சு வருஷம் நிம்மதியா உழைக்கும். புதுசாத்தான் வேணும் பட்ஜெட் 500தான்னா பிக்சல் 9ஏ 499 டாலருக்கு வந்த போன், அதுக்கும் ஏழு வருஷம் அப்டேட் உண்டு, தைரியமா வாங்கலாம்.

வாங்குற எடத்துக்கு வருவோம். புதுசுன்னா கம்பெனியோட சொந்த சைட் இல்ல பெஸ்ட் பை மாதிரி கடை. ஆப்பிள் சைட்ல வாங்குறப்ப எந்த கேரியர்னு கேக்கும், அங்க கேரியர அப்புறம் பாத்துக்குறேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதத்தான் அமுக்கணும். பெஸ்ட் பைல இன்னிக்கே ஆக்டிவேட் பண்ணா ஒரு விலை, அப்புறமா பண்ணா ஒரு விலைன்னு ரெண்டு காமிக்கும், கொறஞ்ச விலையப் பாத்து கைய வெச்சிராதீங்க, அன்லாக்டுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. வால்மார்ட்ல தொங்குற ரொம்ப சீப்பான ப்ரீபெய்டு போன் எல்லாம் பெரும்பாலும் லாக் போட்டதுதான், டப்பால அந்தக் கம்பெனி பேர் இருக்கும். சாம்சங்ல மாடல் நம்பர் கடைசில யு1னு இருந்தா அது அமெரிக்கா அன்லாக்டு மாடல், வெறும் யு மட்டும்னா கேரியர் மாடல். ஸ்டூடன்ட்டா இருந்தா சாம்சங்ல காலேஜ் ஈமெயில் வெச்சு தள்ளுபடி கிடைக்கும். ஆப்பிள் ஸ்டூடன்ட் தள்ளுபடி லேப்டாப்புக்கும் ஐபேடுக்கும்தான், ஐபோனுக்கு இல்ல.

ரீஃபர்பிஷ்டுன்னா பழசத் தொடச்சுக் குடுக்குறதுன்னு நம்ம ஆளுங்க ஒதுக்கிடுவாங்க, அப்படி இல்ல. ஆப்பிளோட சொந்த ரீஃபர்பிஷ்டு ஐபோன்ல பேட்டரியும் வெளி ஷெல்லும் புதுசு, ஒரு வருஷம் வாரண்டி, அன்லாக்டாவே வரும். சாம்சங், கூகுளும் அவங்க சைட்லயே இந்த மாதிரி விக்கிறாங்க. இன்னும் கொறைவா வேணும்னா பேக் மார்க்கெட்னு ஒரு சைட், அங்க ஒரு வருஷ வாரண்டியும் 30 நாள் ரிட்டர்னும் உண்டு. அமேசான்ல ரீஃபர்பிஷ்டுக்கு ரினியூடுன்னு பேர், அதுக்கு வழக்கமா 90 நாள் ரிட்டர்ன், டைட்டில்ல அன்லாக்டுன்னு தெளிவா போட்டிருக்கணும். என் அபிப்பிராயம், மொத தடவை வாங்குறவங்க இதோட நிறுத்திக்கங்க, நேரா ஆள்கிட்ட வாங்குற வேல வேணாம்.

இருந்தாலும் வாங்குவீங்க, 150 டாலர் கொறையுதுல்ல, அதனால அதையும் சொல்லிடுறேன். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல, க்ரெய்க்ஸ்லிஸ்ட்ல ஒருத்தர் போன் விக்கிறார்னா மொதல்ல பயப்பட வேண்டியது திருட்டு போனுக்கு இல்ல, தவணை பாக்கி இருக்குற போனுக்கு. அவர் கேரியர்ல ஃப்ரீன்னு வாங்கி, உங்களுக்கு 400 டாலருக்கு வித்துட்டு, அடுத்த மாசத்துல இருந்து தவணை கட்டாம விட்டார்னா கேரியர் அந்த போனோட ஐஎம்இஐ நம்பர (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள நம்பர்) பிளாக்லிஸ்ட்ல போட்டுரும், உங்க கைல இருக்குற போன் அமெரிக்கால எந்த நெட்வொர்க்லயும் வேல செய்யாது. வாங்குன அன்னிக்கு செக் பண்ணா க்ளீன்னுதான் காமிக்கும், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல சிக்னல் இருக்காது. என்கூட ரூம்ல இருந்த ஒரு பையனுக்கு இது நடந்துச்சு, வித்தவர் நம்பர் அப்ப ஸ்விட்ச் ஆஃப். அதனால அன்லாக் ஆயிருந்தா மட்டும் வாங்குங்க, ஏன்னா ஏடி அண்ட் டி, டி-மொபைல் ரெண்டுலயும் முழுப் பணமும் கட்டி முடிச்சாத்தான் அன்லாக் பண்ணுவாங்க, அப்ப அந்த ரெண்டுல வாங்கி அன்லாக் ஆன போன்னா பாக்கி இல்லங்குறதுக்கு அது ஒரு நல்ல அடையாளம். அதோட கட்டி முடிச்ச ரசீதையும் கேளுங்க.

நேர்ல பாக்குறப்ப போன கைல வாங்கி *#06# அடிச்சு ஐஎம்இஐ எடுத்து, ஸ்டோலன் ஃபோன் செக்கர்னு செல்போன் கம்பெனிங்களோட சங்கம் ஒரு இலவச சைட் நடத்துது, அதுல போட்டுப் பாருங்க. ஐபோன்னா செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுல அபவுட், அங்க கேரியர் லாக்னு ஒரு வரி இருக்கும், நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்னு இருந்தாத்தான் அன்லாக்டு. அதே பக்கத்துல பேட்டரி, ஸ்க்ரீன் மாத்தியிருந்தா அதுவும் தெரியும். பேட்டரி ஹெல்த் 80க்குப் பக்கத்துல இருந்தா பேட்டரி மாத்த சுமார் 100 டாலர் ஆகும்னு சொல்லி விலையக் கொறைங்க. கடைசியா உங்க கண்ணு முன்னாடியே அவரோட ஆப்பிள் ஐடி இல்ல கூகுள் அக்கவுண்ட்ட எடுத்துட்டு ரீசெட் பண்ணச் சொல்லுங்க, ஆன் பண்றப்ப பழைய ஆள் பாஸ்வேர்டு கேட்டா எழுந்து வந்துருங்க, எவ்வளவு கொறைச்சாலும் வேணாம். நிறைய ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே இந்த மாதிரி வாங்கி விக்க எடம் ஒதுக்கியிருக்காங்க, அங்க வரச் சொல்லுங்க. ஸ்வாப்பா மாதிரி பழைய போன் வாங்கி விக்கிற சைட்டுல இந்த ஐஎம்இஐ செக்கிங்க அவங்களே பண்ணிடுறாங்க, கொஞ்சம் நிம்மதி.

வேற நாட்டுக்குன்னு செஞ்ச போன இன்டர்நேஷனல் வெர்ஷன்னு சீப்பா விக்கிறாங்களே, அதப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. வேணாங்க. அந்த போன்ல இங்க உள்ள பேண்ட் (சிக்னல் வர்ற அலைவரிசை) எல்லாம் இருக்காது, டி-மொபைலுக்கு பேண்ட் 71 முக்கியம், ஊருக்கு வெளிய, கட்டடத்துக்கு உள்ள சிக்னல் அதுலதான் வரும். 2022லயே இங்க 3ஜி மொத்தமா மூடிட்டாங்க, அதனால உங்க கேரியர்ல வோல்டி (VoLTE, 4ஜி வழியா பேசுற வசதி) ஓடலைனா போன் பேசவே முடியாது. ஏடி அண்ட் டி அவங்க லிஸ்ட்ல இல்லாத போன சேக்கவே மாட்டாங்க. வாரண்டியும் இருக்காது. ஊர்ல இருந்து கொண்டு வர்ற போனுக்கும் இது பொருந்தும், கிளம்புறதுக்கு முன்னாடி இங்க உள்ள கேரியர் சைட்ல உங்க ஐஎம்இஐ போட்டுப் பாத்துட்டு வாங்க.

இ-சிம் (கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்துற சிம்) விஷயத்த கொஞ்சம் கவனமா படிங்க, ஊருக்கு போன் வாங்கிட்டுப் போறவங்க முக்கியமா. 2022ல ஐபோன் 14 வந்ததுல இருந்து அமெரிக்கால விக்கிற புது ஐபோன்ல சிம் போடுற தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். 2025ல வந்த பிக்சல் 10ம் இங்க அப்படித்தான். ஜியோ, ஏர்டெல், விஐ மூணும் இ-சிம் தர்றாங்க, அதனால உங்களுக்கு ஓகே. ஆனா அப்பா சிம்ம கழட்டி பழைய பட்டன் போன்ல போட்டுக்குற ஆளுன்னா அவருக்கு இந்த போன் தலைவலிதான், நீங்க இங்க இருந்து வீடியோ கால்ல ஓடிபி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அவங்களுக்கு சாம்சங் எஸ் சீரிஸ் வாங்குங்க, எஸ்24, எஸ்25 இங்க வாங்குனாலும் சிம் தட்டு இருக்கு. ஆண்ட்ராய்டு போனுக்கு வாரண்டி பொதுவா வாங்குன நாட்டுலதான்னும் வீட்டுல சொல்லி வெச்சிருங்க.

போன் கைக்கு வந்துட்டா ப்ளான் சுலபம். மின்ட் மொபைல் டி-மொபைல் டவர்ல ஓடுது, விசிபிள் வெரைசன்ல, க்ரிக்கெட் ஏடி அண்ட் டில, எல்லாம் ப்ரீபெய்டு, கிரெடிட் ஹிஸ்டரி கேக்க மாட்டாங்க. கூட்டமான எடத்துல, கோயில் திருவிழாவோ ஃபுட்பால் மேட்ச்சோ, பெரிய கேரியர் கஸ்டமருக்கு மொதல்ல ஸ்பீடு குடுத்துட்டு நமக்கு அப்புறம்தான் வரும், அது ஒன்னுதான் வித்தியாசம்னு சொல்லுவேன், எனக்கு அது பெருசாத் தெரியல.

கேரியர் டீல் யாருக்குமே ஆகாதுன்னு சொல்லல. ஏற்கனவே நாலு லைன் ஃபேமிலி ப்ளான்ல பல வருஷமா இருக்கீங்க, வீட்டுல எல்லாரும் அந்த சிக்னல்லதான் இருக்கப் போறீங்க, அன்லாக்கும் இப்போதைக்குத் தேவையில்லன்னா எடுத்துக்கங்க, நாலு லைன்னா ஒரு லைனுக்கு விலை நல்லாவே கொறையும். ஆனா படிப்பு முடிஞ்சு வேற ஊருக்கு மாறப் போற புள்ளைங்க, அடுத்த வருஷம் எங்க இருப்போம்னு தெரியாதவங்க, 36 மாசத்துக்கு எதுலயும் தலையக் குடுக்காதீங்க.

இன்னொன்னு, வாங்குன அன்னிக்கே ரிட்டர்ன் தேதிய காலண்டர்ல போட்டு வெச்சுக்கங்க, ஆப்பிள்ல 14 நாள்தான். அந்த நாளுக்குள்ள நீங்க யூஸ் பண்ணாத வேற ஒரு கேரியரோட இலவச ட்ரையல் இ-சிம் போட்டுப் பாருங்க. வெரைசன், டி-மொபைல், விசிபிள், க்ரிக்கெட் எல்லாம் ஆப் மூலமா சில நாளைக்கு சும்மாவே தர்றாங்க, லாக் இருந்தா அது ஏறாது, ஏறிருச்சுன்னா போன் அன்லாக்டு, அதோட உங்க ரூம்ல, பஸ் ஸ்டாப்புல, க்ளாஸ்ல எந்த நெட்வொர்க் நல்லா எடுக்குதுன்னும் அப்பவே தெரிஞ்சுரும். தம்பிக்கு ரெண்டாவது தடவை வாங்குன போன்ல நான் இதத்தான் பண்ணேன், ரெண்டு கேரியரோட ட்ரையல மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டுத்தான் பெட்டில வெச்சேன், வீட்டு வாசல்லயே அவன் ஜியோ சிம்ம போட்டான், ஒரு நிமிஷத்துல சிக்னல் வந்துருச்சு.