சக ஆதரவாளராக வேலைக்குச் சேருமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நானும் இதை அனுபவிச்சு மீண்டவன். இன்னொருத்தருக்கு என்னால உதவ முடியும்." மனநோயிலிருந்து மீண்ட ஒருவர், அதே பாதையில் இருப்பவருக்குத் துணை நிற்பதுதான் சக ஆதரவாளர் வேலை. மனநலத் துறையில் இந்த வேலைக்கு வருகிற பெரும்பாலோர் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பட்ட அனுபவம் உள்ளே நுழைவதற்கான தகுதி. அதை எப்போது பேச வேண்டும், எப்போது அடக்கி வைக்க வேண்டும் என்று தெரிவதுதான் வேலை. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1790களிலேயே பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் புஸ்ஸேன் என்ற கண்காணிப்பாளர், குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். நம் நாட்டில், குஜராத் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014இல் தொடங்கிய, நோயாளிகளின் உரிமைக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டிரைட்ஸ் திட்டத்தில், சிகிச்சை பெற்றவர்களுக்கே பயிற்சி கொடுத்து சக ஆதரவுத் தன்னார்வலர்களாக்கினார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, சொந்தக் கதையைக் கொட்டிவிடுவது. ஓ.பி. பெஞ்சில் ஒரு கல்லூரிப் பையன் சொல்கிறான்: "இந்த மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து உடம்பு ஏறிக்கிட்டே போகுதுண்ணா, காலேஜ்ல கிண்டல் பண்றாங்க." உடனே நமக்கு வாய் துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான், எவ்வளவு ஏறினேன் தெரியுமா, அப்புறம் காலையில் நடக்க ஆரம்பித்தேன், ராத்திரி சாதத்தை நிறுத்தினேன் என்று பத்து நிமிடம் பேசிவிடுவோம். பையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் பேச வந்தது எடையைப் பற்றி அல்ல, கிண்டலைப் பற்றி. அது வெளியே வரவே இல்லை.

அதே இடத்தில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கும் பழைய சட்டை ஒண்ணுகூட பத்தாமப் போச்சுப்பா. காலேஜ்ல என்ன சொல்றாங்க?" நம் கதை ஒரே வரி, அடுத்தது கேள்வி. நமக்கும் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, பேச்சும் அவனிடமே இருக்கிறது. வாயைத் திறக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைச் சொல்வது அவருக்காகவா, என் மனப்பாரம் இறங்கவா? இன்னும் ஆறாத காயத்தை எடுத்துக் காட்ட வேண்டாம். தற்கொலைக்கு முயன்ற அனுபவம் இருந்தால், எப்படிச் செய்தேன் என்ற விவரம் எந்தச் சூழலிலும் வேண்டாம்.

இதன் இன்னொரு முகம், நம் பாதையையே அளவுகோலாக்குவது. "நான் ஒரே வருஷத்துல வேலைக்குப் போயிட்டேன்" என்பதை உற்சாகமூட்டத்தான் சொல்கிறோம். மூன்று வருடமாக வீட்டைவிட்டு வெளியே வராதவர் காதில் அது வேறு மாதிரி விழும். மன அழுத்த நோயிலிருந்து மீண்டவருக்கு மனச்சிதைவு நோயின் உள்பக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காதில் குரல் கேட்பது முழுக்க நிற்காமலே கடை நடத்துகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மீட்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது மாத்திரை. "நிறுத்திடு, எனக்கு நிறுத்தினப்புறம்தான் தெளிவாச்சு" என்பது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். "விட்டுட்டியா, சரி, இன்னிலேருந்து பழையபடி போட்டுக்கோ" என்பதும் ஆபத்தாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டர் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். அதனால் மாத்திரை விஷயத்தில் நாம் செய்யக்கூடியது, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுவது. என்றைக்கு விட்டார், ஏன் விட்டார், எது தொந்தரவு செய்தது. பலர் டாக்டர் முன்னால் போனதும் "நல்லாருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். அந்தத் தாள் பெரிய உதவி.

வீட்டாருக்கு ஒற்றராகிவிடுவது இன்னொரு தவறு. நம் ஊரில் இது பாசத்தின் வழியாக வரும். வாசல்வரை வந்து அம்மா கையைப் பிடித்துக்கொள்வார்: "தம்பி, உங்ககிட்ட என்ன சொன்னான்? மாத்திரை ஒழுங்கா போடுறானா?" அந்த முகத்தைப் பார்த்து மறுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் சிகிச்சை தருகிறவர்கள் தகவலை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. சிகிச்சைக் குழுவில் ஒருவராக இருக்கும் நமக்கும் அதே ஒழுங்கு வேண்டும். "அவர் சொன்னதை நான் சொல்லக் கூடாதும்மா. எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேசலாமான்னு அவர்கிட்டயே கேக்கிறேன்" என்று சொல்லலாம்.

இதற்கு நேரெதிராக, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா" என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்தச் சத்தியத்தை மீற வேண்டியிருக்கும். முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: உயிர் விஷயம் என்றால் குழுவிடம் சொல்வேன், அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். சந்தேகம் வந்தால் சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 24 மணி நேரமும் இயங்கும் அரசின் டெலி மனஸ் எண் 14416 கட்டணமில்லாதது, தமிழிலேயே பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்பது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. இதை எடுத்துச் சொல்வது நம் வேலை.

கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். சொந்த போன் நம்பரைக் கொடுப்பதற்குமுன் நிறுவனத்தின் விதியைக் கேளுங்கள்.

நம் உடம்பை மறந்துவிடுவது நல்ல மனசுள்ளவர்கள் செய்யும் தவறு. அடுத்தவருக்குத் தூக்கம் முக்கியம் என்று சொல்லிவிட்டு, நாமே ராத்திரி ஒரு மணிவரை வாட்ஸ்அப்பில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்போம். தூக்கம் கெட்டால், மனம் அளவுக்கு மீறிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் (பைபோலார்) உள்ளவருக்கு அது நேரே நோய் திரும்பும் வழி. நோய் திரும்பினால் வேலை போய்விடுமோ என்று மறைப்பது அதைவிட மோசம். நமக்கு முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை மேற்சொன்ன சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. வேலையில் சேரும்போதே அதை எழுதி முடித்துவிடுங்கள். "நீ வேகமா பேசுற, ரெண்டு நாள் லீவு போடு" என்று முகத்துக்கு நேரே சொல்ல, உடன் வேலை செய்யும் ஒருவருக்கு அனுமதியும் கொடுத்துவையுங்கள்.

கடைசியாக, எந்த நிபந்தனையும் பேசாமல் சேர்ந்துவிடுவது. சேவை என்ற பெயரில் சம்பளமில்லாமல் ஃபைல் தூக்கவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும், நோயாளிக்குக் காவல் இருக்கவும் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1999இலேயே சக ஆதரவுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் வந்தது. 2007இல் அந்நாட்டு மத்திய அரசு இதற்கு மூன்று அடிப்படைகளை வைத்தது: மேற்பார்வை, சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பு, பயிற்சியும் சான்றும். இங்கே கேட்கவும் இவை பொருத்தமானவைதான். வாரம் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து பேசப்போகிற மேற்பார்வையாளர் யார்? குழுக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டா? சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில்? நான் அட்மிட் ஆனால் வேலை இருக்குமா? சிகிச்சை பெற்ற அதே மருத்துவமனையில் சேருகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: என் பழைய கேஸ் ஷீட்டை இனி என்னோடு வேலை செய்யப்போகிறவர்களில் யார் யார் எடுத்துப் பார்க்க முடியும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.