வ.உ.சி. கப்பலில் பூனையை ஏற்றுவது எப்படி

நெல்லைச் சீமைப் பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் கற்பனைப் பூனையை உட்கார வைத்துச் சிரிப்புக் கதை எழுத, முதலில் வேண்டியது பூனை அல்ல, தேதி. ஆளுக்கு மூன்று உண்மைகள் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஆண்டு, ஒரு ஊர், கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள். அந்த மூன்றும் இம்மியும் அசையக் கூடாது. புளுகையெல்லாம் பூனையின் கணக்கிலேயே எழுதுங்கள்.

வ.உ.சி.யை எடுத்தால், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. தடம் தூத்துக்குடி–கொழும்பு. கப்பல்களின் பெயர் ‘காலியா’, ‘லாவோ’. எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, கடைசியில் ஆளைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். பொருள் கிடைத்துவிட்டது, குடை! இனிமேல் பூனை வரலாம். அதற்குச் சுதேசி, விதேசி தெரியாது. எலி தெரியும், கருவாடு தெரியும். வெள்ளைக்காரன் கப்பலில் ஏறிக் குடையை வாங்கும், அதன் நிழலில் ஒரு தூக்கம் போடும், சங்கு ஊதுவதற்குள் இறங்கிக் காலியாவுக்குத் தாவிவிடும். எலி அங்கேதான் கொழுத்திருக்கிறது. பார்த்தவர்கள் தேசபக்தி என்று கைதட்டுவார்கள். பூனையும் மறுக்காது.

பூனை பேசுவது ஒரு பக்கத்துக்கு ஒரு வரி போதும். வ.உ.சி.யிடம், “அண்ணாச்சி, கொழும்புல மாசிக் கருவாடு என்ன வெலைக்குப் போவுது?” கட்டபொம்மன் கதையில் கலெக்டர் ஜாக்சனிடம், “என்னவே, சாப்பிட்டாச்சா?” மரியாதை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதிலேயே பாதிச் சிரிப்பு இருக்கிறது. பூனையை மேடைப் பேச்சாளராக்கினால் கதை படுத்துவிடும்.

பாரதிக்குப் பூனை தேட வேண்டாம், ‘முரசு’ பாட்டிலேயே ஒரு வெள்ளைப் பூனை இருக்கிறது. சாம்பல், கருப்பு, பாம்பு நிறம், பால் வெள்ளை என்று குட்டிகள். உயிரியலும் இடிக்காது. வெள்ளைப் பூனையின் வெள்ளை, அடியில் உள்ள நிறத்தை மூடி மறைக்கிற ஒன்று, குட்டிகளில் அது வெளியே வரலாம். ஒரே ஈற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்கள் தகப்பனாவதும் உண்டு. கவிஞர் ‘தகப்பன் யார்’ என்று கேட்காமல் நேரே சமத்துவத்துக்குப் போய்விட்டாரே என்று தாய்ப்பூனை பெருமூச்சு விடுவதாக எழுதலாம்.

கால்டுவெல் சுலபம். இடையன்குடி, 1856, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். அவர் பூனை தமிழ், தெலுங்கு, கன்னட ‘மியாவ்’களை ஒப்பிட்டு, மூன்றுக்கும் வேர்ச்சொல் பசி என்று முடிவு கட்டும்.

சறுக்குகிற இடங்கள் சில உண்டு. பூனையை அல்வாவின் இனிப்பில் மயங்க வைக்காதீர்கள். இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் வேலை செய்வதில்லை, நக்கினால் நெய்க்காகத்தான். மூன்று நிறப் பூனைக்கு ‘மாடசாமி’ என்று பேர் வைத்தாலும் விவரம் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள், அவை அநேகமாக எல்லாமே பெட்டைகள்.

பெரிய சறுக்கல் கட்டபொம்மனிடம். பாஞ்சாலங்குறிச்சியில் முயல் நாயை விரட்டிய கதை ஊருக்கே தெரியும். அந்தப் பேர் முயலுக்குப் போனதில் பூனைக்குப் பொருமல், இது நல்ல தொடக்கம். 1798இல் ஜாக்சன் அவரைக் குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை அலைய விட்டபோது, சாரலில் நனைந்த கோபத்தோடு பூனையும் பின்னால் போகட்டும். ராமநாதபுரத்தோடு நிறுத்துங்கள். 1799 அக்டோபர் 16 கயத்தாறுக்குப் பூனையைக் கொண்டுபோகக் கூடாது. தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் எந்த நகைச்சுவையும் புளித்துப் போகும், அதுவரை சிரித்தவர்களுக்கும் எழுதியவர் மேல் வெறுப்புதான் வரும். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்குக்கும் இதே விதி. கப்பல் கதையை 1908 மார்ச்சில் அவர் கைதாவதற்கு முன்பே, பூனை கொழும்பில் மாசி மூட்டைமேல் படுத்திருக்கும்போதே முடித்துவிடுங்கள்.