கடன் வாங்கி வாடகை வீடுகள் சேர்ப்பது: முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்பி வீடு வாங்குபவர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே திணறிப்போகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீடு தேடவே தொடங்க வேண்டும்.

சென்னைப் புறநகரில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்குவதாகவும், அதற்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை வருவதாகவும் வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 80 விழுக்காடு வரை மட்டுமே தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதால், கிடைக்கக்கூடிய கடன் 40 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து நாலரை லட்சம் ஆகும். இந்தச் செலவை வங்கி பொதுவாக வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆகவே முன்பணம் 10 லட்சம், பதிவுச் செலவு நாலரை லட்சம், குழாய், வண்ணப்பூச்சு போன்ற சில்லறை வேலைகளுக்குச் சிறு தொகை என ஏறத்தாழ 15 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய் வரும். வாடகை போக மீதி, கிட்டத்தட்ட 20,000 ரூபாய், உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களில் முழுத் தவணையும் உங்கள் தலையில்தான். ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்காதவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

வருமான வரிச் சலுகை இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று முகவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. வாடகையிலிருந்து சொத்து வரியைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டையும், கடன் வட்டி முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு வட்டியே 3.4 லட்சத்தை நெருங்குவதால் கணக்கில் நட்டம் விழும். பழைய வரி முறையில் அந்த நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கோ சம்பளத்தில் கழிக்க இடமே இல்லை.

எனவே கடனை எங்கே வாங்குவது என்பதற்கு முன்பு எத்தகைய கட்டடத்துக்கு வாங்குவது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். என் கணிப்பில், வாடகைக்கென்றே வாங்குபவருக்கு அடுக்குமாடி வீட்டைவிடச் சொந்த மனையில் போர்ஷன் போர்ஷனாகக் கட்டிய வீடு மேலானது. திருப்பூர், கோவைப் பக்கங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கென வரிசையாகக் கட்டி விடும் லைன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நிலமும் கட்டுமானமுமாக 45 லட்சம் செலவாகி, ஐந்து வீடுகளுக்குத் தலா 5,000 வீதம் 25,000 ரூபாய் வருமானால், 36 லட்சக் கடனுக்கான சுமார் 31,200 ரூபாய்த் தவணையில் ஆறாயிரத்துச் சொச்சம் மட்டுமே குறையும். ஒரு குடும்பம் காலி செய்தாலும் மற்ற நான்கு வாடகைகள் வந்துகொண்டிருக்கும். ஆனால் வேலையும் அதிகம். தண்ணீர் மோட்டார் யார் போடுவது என்பதிலிருந்து கழிவுநீர்த் தொட்டி நிரம்புவது வரை எல்லாவற்றுக்கும் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். கட்டட அனுமதி வரைபடத்தில் உள்ளபடியே கட்ட வேண்டும். அனுமதிக்கு மேல் ஒரு அறையை எழுப்பினாலும் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிட்டால், கரண்ட் பில்லை வைத்து மாதந்தோறும் நடக்கும் சச்சரவு ஒழியும்.

பணம் புரட்டுவதற்கு நம் ஊரில் இன்னொரு பழைய வழி உண்டு: போக்கியம், அல்லது இன்று எல்லோரும் சொல்கிறபடி லீஸ். குடிவருபவர் மொத்தமாக, எடுத்துக்காட்டாக 8 லட்சம் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பார்; காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதைக் கொண்டு 8.5 விழுக்காட்டுக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 68,000 ரூபாய் வட்டி மிச்சமாகும், அதாவது மாதம் 5,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே வீடு 10,000 ரூபாய் வாடகைக்குப் போகும் என்றால் உரிமையாளருக்கு இது நட்டம்தான். வேறு வழியில்லாத நெருக்கடியில் மட்டும், அதுவும் வங்கியின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு, இதை நாடலாம்.

இரண்டாவது வீட்டுக்கான தகுதி முதல் வீட்டை வைத்திருக்கும் விதத்தில்தான் உருவாகிறது. வங்கி உங்கள் வருமானத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எல்லாத் தவணைகளுக்குமாக ஒப்புக்கொள்ளும் என்று கொண்டால், மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கு 34,700 ரூபாய் முதல் கடனுக்கே போய்விட, மிஞ்சும் 15,300 ரூபாய்க்குப் புதிதாகக் கிடைப்பது பதினேழரை லட்சம் அளவுதான். வாடகையில் ஒரு பகுதியையும் வருமானமாகக் காட்டலாம், ஆனால் அதற்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் மாதந்தோறும் விழுந்த தொகை, வரிக் கணக்குத் தாக்கல் ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கும் வாடகை வங்கியின் கண்ணுக்கு வாடகையே அல்ல. தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டமும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றே கேட்கிறது. குடியிருப்பவர் தந்த அட்வான்ஸை அடுத்த வீட்டின் முன்பணத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது ஒருநாள் திருப்பித் தர வேண்டிய பணம்.

வளர்ச்சியை விரைவாக்க, இருக்கும் வீட்டுக் கடனின் மேல் கூடுதலாக வாங்கும் டாப்-அப் கடன் எடுத்து அடுத்த மனையை வளைப்பவர்கள் உண்டு. தவணைச் சுமை கூடி வாடகை அப்படியே நிற்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்ற விதி நமக்குச் சாதகமானது. போனஸ் வரும் மாதத்தில் ஒரு தவணையைக் கூடுதலாக, ஆண்டுக்கு ஒருமுறை கட்டி வந்தாலே, மேலே சொன்ன 20 ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக முடியும்.

கடன் முடிந்த பின்னரும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடன் வாங்கும்போது மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்காக எம்.ஓ.டி. என்ற ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். என் முதல் கடனை அடைத்த நாளில் பத்திரங்களை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வந்துவிட்டேன். அந்தப் பதிவை நீக்கும் ரசீது ஆவணத்தை வங்கிக்காரர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை அடமானமாக வைத்து அடுத்த கடனுக்கு விண்ணப்பித்தபோது வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நின்றது. அதைச் சரிசெய்வதற்குள் பேசி வைத்திருந்த மனை வேறொருவருக்குக் கைமாறிவிட்டது. கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது. இருந்தாலும் ரசீது பதிவான கையோடு இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, அந்தப் பதிவு ஏறியிருப்பதை நீங்களே உறுதிசெய்துகொண்ட பிறகு அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.