ஊருக்குப் போய் லென்ஸ் போடுவதென்றால், கண்ணை முதல் வாரத்திலேயே காட்டுங்கள்

வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்குப் போகிறவர்களின் பட்டியலில் பல் வைத்தியமும் கண் பரிசோதனையும் எப்படியோ கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போய்விடும். கண்ணாடி மாற்ற மட்டும் என்றால் சரி. முதன்முறையாகக் காண்டாக்ட் லென்ஸ் போடுவதென்றால் அது போதாது. பவர் பார்ப்பது சில நிமிட வேலை. லென்ஸ் உட்காரப்போகிற இடம், அதாவது கண்ணின் முன்பகுதி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் நேரம் வேண்டும். பிறகு லென்ஸைச் சில நாள் போட்டுப் பழகிவிட்டு மறுபடி காட்டவும் வேண்டும்.

ஏற்கெனவே லென்ஸ் போடுபவர்களுக்கு இன்னொரு சங்கதி. நான் ஒருமுறை இறங்கிய மறுநாளே, லென்ஸோடேயே போய் உட்கார்ந்தேன். "கழற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸ் போட்ட கருவிழியின் வடிவம் லேசாக மாறியிருக்கும், அப்போது எடுக்கிற அளவு தப்பும். சாஃப்ட் லென்ஸ் என்றால் சில நாள் முதல் ஒரு வாரம் வரை, கடின லென்ஸ் என்றால் 2 முதல் 4 வாரம் கழற்றிவைக்கச் சொல்வார்கள். விமானத்தில் காற்று வறண்டுதான் இருக்கும். கண்ணாடியோடு ஏறினால் லென்ஸைக் கழற்றிவைக்கும் நாள் கணக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

முக்கியமான கருவி ஸ்லிட் லேம்ப். தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வேண்டும். மெல்லிய வெளிச்சக்கீற்றைக் கண்மேல் ஓட்டி, பெரிதாக்கிப் பார்ப்பார்கள். முதலில் இமையோரம். முடியின் அடியில் பொடுகுபோல் செதில் இருக்கிறதா, எண்ணெய்ச் சுரப்பிகளை அமுக்கினால் தெளிவாக வருகிறதா, பற்பசைபோல் கெட்டியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் மேலிமையைப் புரட்டுவார்கள். பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். கீழே பார்த்தபடி இருந்தால் வலிக்காது. உட்புறம் வழுவழுப்பாக இல்லாமல் கொப்புளம் கொப்புளமாக இருந்தால், ஒவ்வாமையைச் சரிசெய்த பிறகே லென்ஸ். வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்திருக்கிறதா, கருவிழி ஓரத்தில் புது ரத்தநாளங்கள் புகுந்திருக்கின்றனவா என்பதும் தெரியும். லென்ஸோடு தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்: ஆக்சிஜன் போதாமல் போனால் அந்த நாளங்கள் வளரும்.

அடுத்து ஆரஞ்சு நிற முனையுள்ள ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணில் தொடுவார்கள். அது ஃப்ளோரசீன் சாயம். நீல வெளிச்சத்தில் கண்ணீர்ப் படலம் முழுக்கப் பச்சையாக மின்னும். "இமைக்காமல் பாருங்கள்" என்று சொல்லி எண்ணுவார்கள். 10 விநாடிக்குள் அந்தப் பச்சையில் கருந்திட்டு விழுந்தால் கண்ணீர் நிலைக்கவில்லை என்று சந்தேகப்படலாம்; 5 விநாடிக்குள் என்றால் நாள் முழுக்க லென்ஸ் போடுவது பாடுதான். பயணக் களைப்பும் தூக்கமின்மையும் தீராத கண்ணோடு இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள், இரண்டு மூன்று நாள் போகட்டும். கருவிழியில் பச்சைப் புள்ளிகள் தங்கினால் மேல்தோல் சிராய்த்திருக்கிறது. சாயம் சாஃப்ட் லென்ஸில் ஏறிவிடும் என்பதால் உடனே மாட்டக் கூடாது.

கருவிழியின் வளைவை அளப்பது கெரட்டோமீட்டர். சராசரி வளைவு ஆரம் 7.8 மி.மீ. பக்கம். ஆனால் அது நடுவில் சுமார் 3 மி.மீ. பரப்பைத்தான் அளக்கும். சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு எல்லாத் திசையிலும் ஒரேபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர்) வருடா வருடம் ஏறுகிறதா? கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? அப்படியென்றால் கருவிழி முழுவதையும் வரைபடமாகக் காட்டும் டோபோகிராஃபியைக் கேட்டு எடுங்கள். கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் ஆரம்பத்தில் இதில்தான் பிடிபடும்.

சாப்பிடுகிற மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வாமை மாத்திரையும் பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை உலர்த்தும். சர்க்கரை நோய் இருந்தால் கருவிழியின் உணர்ச்சி குறையலாம், உறுத்தல்கூடத் தெரியாது.

சோதனை லென்ஸைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டு மறுபடி ஸ்லிட் லேம்பில் பார்ப்பார்கள். இமைக்கும்போது அது கொஞ்சம் நகர வேண்டும், அசையாமல் ஒட்டிக்கொண்டால் இறுக்கம். எல்லாம் முடிந்ததும் பவர், பேஸ் கர்வ் (லென்ஸின் உட்புற வளைவு), டயாமீட்டர் (லென்ஸின் விட்டம்), லென்ஸின் பெயர் நான்கையும் எழுதி வாங்குங்கள். கண்ணாடிச் சீட்டு இதற்கு உதவாது. கண்ணாடிப் பவர் 4-ஐத் தாண்டினால் லென்ஸ் பவர் அதிலிருந்து வேறாகும். அந்த லென்ஸ் நீங்கள் வாழும் நாட்டில் கிடைக்கிறதா என்று அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிடுங்கள். டோபோகிராஃபி எடுத்திருந்தால் அந்தப் படத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், திரும்பிப் போனபின் உங்கள் மருத்துவர் ஒப்பிட அதைத்தான் கேட்பார்.