கிளைக் கூட்டத்தில் பேராளர் தேர்வு: ஏமாறாமலும் ஏமாற்றாமலும் நடத்துவது எப்படி

கட்சிக் கிளை தன் சார்பில் மேல்நிலையான தொகுதிக்கு அனுப்பும் பேராளர்களின் தேர்வு முடிந்த மறுநாள் காலை ஒட்டுக்கடையில் எழும் புகார்கள் பெரும்பாலும் வாக்குப் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும். உண்மையில் பெட்டியில் நடக்கும் தில்லுமுல்லு குறைவு. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் கூடுதல் சீட்டை நுழைப்பது லேசில்லை. தாளில் செய்வதுதான் சுலபம். உறுப்பினர் பட்டியல், அழைப்புக் கடிதம், வருகைப் பதிவு, கடைசியில் தொகுதிக்குப் போகும் பேராளர் பாரம் (படிவம்) ஆகிய நான்கு தாளில்தான் ஆட்டமே இருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப்புற நகரங்களின் கிளைகளை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. உறுப்பினர்களில் பாதிப் பேர் இன்னும் லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) இருப்பார்கள், மீதிப் பேர் தாமானுக்கோ (குடியிருப்புப் பகுதிக்கோ) கிள்ளானுக்கோ போய்விட்டிருப்பார்கள். விதிகள் கட்சிக்குக் கட்சி மாறும். அதனால் முதலில் உங்கள் கட்சியின் அமைப்பு விதிப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். யாருக்கு வாக்குரிமை, அழைப்புக்கு எத்தனை நாள் அவகாசம், குறைந்தபட்ச வருகை எவ்வளவு, எத்தனை உறுப்பினருக்கு ஒரு பேராளர், புகாருக்கு எத்தனை நாள் கெடு என்ற ஐந்து இடங்களையும் பேனாவால் குறியுங்கள். ‘போன தடவை அப்படித்தான் செய்தோம்’ என்பது விதி ஆகாது.

பட்டியல்

கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். செயலாளர் தராவிட்டால் வாய்ச்சண்டை வேண்டாம். எழுத்தில் கேட்டு, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள்.

பட்டியல் கிடைத்ததும் வீடு வீடாகப் பொருத்திப் பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு ஊரே கலைந்த பிறகும் பெயர்கள் அப்படியே நிற்கும். இறந்தவர், பத்து வருடமாகச் சிங்கப்பூரில் இருப்பவர், எதிர்க்கட்சிக்கே போய்விட்டவர் எல்லாரும் அதில் உறுப்பினர்தான். ஊர்விட்டுப் போனது மட்டும் குற்றமில்லை. விதி அனுமதித்தால் அவரும் வந்து வாக்களிக்கலாம். பெயர் இருந்து ஆள் இல்லாத இடம்தான் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட எப்போதும் ஒருவர் இருப்பார்.

ஐசி (அடையாள அட்டை) எண்ணே பாதி உண்மையைச் சொல்லிவிடும். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ‘முனியாண்டி த/பெ’ என்ற பெயருக்கு எதிரே எண் 6-இல் முடிந்தால் அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்தடுத்த நான்கு வரிகளில் அப்படி வந்தால் யாரோ உட்கார்ந்து எண்ணை இட்டுக்கட்டியிருக்கிறார். ஆனால் 08 இல்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். அது பிறந்த மாநிலம்தான், இருக்கும் ஊர் அல்ல. பட்டியலைச் சுவரில் ஒட்டும்போது ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

அடுத்தது ரசீதுப் புத்தகம். சந்தா கட்டிய முப்பது பேருக்கு ஒரே தேதி, ஒரே மை, தொடர்ச்சியான ரசீது எண் என்றால் ஒருவரே எல்லாருக்கும் கட்டியிருக்கிறார் என்று பொருள். அது விதிக்கு முரணா என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். முரண் இல்லாவிட்டாலும், அந்த முப்பது பேரையும் கூட்ட நாளில் நேரில் பார்க்க வேண்டும் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

கிளையே முறையாகப் பதிவானதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். 1987 ஏப்ரல் 24-இல் அன்றைய ஆளுங்கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் பிரதமர் மகாதீர் 761, அவரை எதிர்த்த தெங்கு ரசாலி 718 வாக்கு பெற்றனர். வித்தியாசம் 43. தோற்ற தரப்பு நீதிமன்றம் போனபோது, பேராளர் தேர்வில் கலந்துகொண்ட 30 கிளைகள் பதிவாகாதவை என்பது வெளியே வந்தது. 1988 பிப்ரவரி 4-இல் நீதிபதி ஹருன் ஹாஷிம் கட்சியையே சட்டவிரோதச் சங்கம் என்று தீர்ப்பளித்தார். அவ்வளவு பெரிய கட்சியைக் கவிழ்த்தது கிளை அளவில் விட்டுப்போன ஒரு பதிவுத் தாள். உங்கள் கிளையின் பதிவுக் கடிதம் செயலாளரின் கோப்பில் இருக்கிறதா, 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஆண்டுக் கூட்டத்துக்குப் பின் 60 நாளுக்குள் போக வேண்டிய ஆண்டறிக்கை போன வருடம் போனதா என்று பாருங்கள்.

அழைப்பு

தோட்டத்துக் கடிதங்கள் பல இடங்களில் இன்றும் தோட்ட ஆபிஸ் முகவரிக்குத்தான் வருகின்றன. கிராணி (எழுத்தர்) மேசையில் குவிந்து கிடக்கும், கேட்டுப் போனவருக்குக் கிடைக்கும். ‘தபாலில் போட்டோம்’ என்பதும் ‘எனக்கு வரவில்லை’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். லயத்தில் இருப்பவர்களுக்குக் கையில் கொடுங்கள். பெயர், தேதி, நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்ட தாள் போதும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், பக்கத்தில் சாட்சி ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்திடட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவது நினைவூட்டலுக்கு நல்லது, அதையே அழைப்பாகக் கொள்ளாதீர்கள்.

கடிதத்தில் இடம், நேரம் இரண்டோடு ‘பேராளர் தேர்வு’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். ‘இதர விஷயங்கள்’ என்பதற்குள் தேர்தலை ஒளித்து வைப்பது பழைய வித்தை. பாலாய் ராயா (பொது மண்டபம்) என்று எழுதிவிட்டுக் காலையில் தலைவர் வீட்டுக்கு மாற்றுவது இன்னொரு வித்தை. ரப்பர் பால் வெட்டுபவர்களும் செம்பனைக் குலை வெட்டுபவர்களும் மதியம்தான் வீடு திரும்புவார்கள். வேலை நாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யாரை வரவிடாமல் தடுக்கிறீர்கள் என்பது ஊருக்கே புரியும்.

கூட்ட நாள்

வருகைப் பதிவேடு மண்டபத்தில்தான் திறக்கப்பட வேண்டும், முந்தின நாள் யார் வீட்டிலும் அல்ல. ஐசியைப் பார்த்து, பட்டியலில் பெயரை அடித்து, கையெழுத்து வாங்கி, அதன் பிறகே வாக்குச் சீட்டு. அறிவித்த நேரத்தில் கடைசிக் கையெழுத்தின் கீழ் ஒரு கோடு இழுத்து, நேரத்தை எழுதி, இரு தரப்பிலும் ஒவ்வொருவர் கையொப்பமிடுங்கள். அந்தப் பக்கத்தை இரு தரப்பும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: தலைப்பில்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் கொடுக்கும்போது ‘வாங்கியதற்கு இங்கே ஒரு கையெழுத்து’ என்று வெறும் கோடு போட்ட தாளை நீட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து அதன் மேல் ‘ஆண்டுக் கூட்ட வருகை’ என்று ஒரு தலைப்புப் பக்கம் சேர்ந்துவிடும். உற்றுப் பார்த்தால் தெரியும். முதல் பக்கத்தில் ஸ்டேப்ளர் ஓட்டை இரண்டு, அடுத்த பக்கத்தில் நான்கு. கையெழுத்தின் பக்கத்தில் நீங்களே தேதியையும் ‘அரிசி’ என்ற ஒரு சொல்லையும் எழுதிவிட்டால் அந்தத் தாளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

சீட்டுக் கணக்கு எளிது. வாக்குரிமை உள்ளவர் 62 என்றால் 67 அச்சடியுங்கள், ஐந்து சேதத்துக்கு. எல்லாவற்றிலும் கிளை முத்திரை, பின்புறம் இருவரின் சுருக்கொப்பம். வாக்கெடுப்புக்கு முன்பே மூன்று விஷயத்தை மைக்கில் சொல்லிவிடுங்கள்: ஐந்து பேராளர் தேர்வு என்றால் ஐந்து பெயருக்குக் குறைவாகக் குறியிட்ட சீட்டு செல்லுமா, ஒரே பெயருக்கு இரண்டு குறி போட்டால் என்ன, சரிசமம் வந்தால் சீட்டுக் குலுக்கலா மறுவாக்கா. முடிவு தெரிந்த பிறகு சொல்லும் விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடிக்கடி ‘ஏமாற்று’ என்று பெயர் வாங்கும், ஆனால் ஏமாற்று அல்லாத ஒன்று இருக்கிறது. ஐந்து பேராளர், வந்தவர் 51 பேர், ஒவ்வொருவருக்கும் ஐந்து குறி. 27 பேர் ஒரே மெனுவை (அணி கொடுக்கும் பெயர்ப் பட்டியலை) பார்த்துக் குறியிட்டால் அந்த ஐவரும் ஆளுக்கு 27, எதிரணி ஐவர் ஆளுக்கு 24. ஐந்துக்கு ஐந்தும் ஒரே பக்கம் போய்விடும். கிட்டத்தட்டப் பாதிக் கிளைக்கு ஒரு பேராளர்கூட இல்லை. வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் இதை வைத்துப் புகார் எழுதினால் நிற்காது. மாற்ற வேண்டுமானால் வாக்கெடுப்புக்கு முன்பே உடன்பாடு பேச வேண்டும், அல்லது ஆளுக்கு மூன்று குறி மட்டும் என்று விதியைத் திருத்தக் கட்சிக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும்.

எண்ணுவதும் பாரமும்

முதலில் சீட்டுகளை மட்டும் எண்ணுங்கள். கொடுத்தது (திரும்பியது நீங்கலாக), மீந்தது, சேதமாகித் திரும்பியது மூன்றும் சேர்ந்து 67 வர வேண்டும். பெட்டியில் இருப்பது கொடுத்ததைவிட ஒன்று கூடினாலும் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒருவர் உரக்கப் படிக்க, இருவர் தனித்தனித் தாளில் கோடு போடட்டும். செல்லும் சீட்டு 48 என்றால் மொத்தக் குறி 240-ஐத் தாண்டக் கூடாது.

கூட்டுத் தொகை சரியாக வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒருவர் எண் இன்னொருவர் வரிக்கு நழுவினாலும் மொத்தம் மாறாது. 2012 டிசம்பர் 15-இல் ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) மத்திய செயற்குழுத் தேர்தலில் எக்செல்லில் நகலெடுத்து ஒட்டும்போது பிழை நேர்ந்ததாகக் கட்சியே அடுத்த மாதம் அறிவித்தது. வென்றதாகச் சொல்லப்பட்ட ஒருவர் வெளியே போனார், தோற்றதாகச் சொல்லப்பட்டவர் உள்ளே வந்தார். கட்சிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான சங்கப் பதிவிலாகா தலையிட்டு, 2013 செப்டம்பர் 29-இல் மறுதேர்தல் நடந்தது. எனவே பெயரையும் எண்ணையும் கோடு போட்ட தாளிலிருந்தே, எண்ணாத ஒருவர், சபைக்குக் கேட்கப் படிக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் பெரிய ஓட்டை. பாரம் செயலாளர் பையில் போய், மூன்று நாள் கழித்து வேறு பெயரோடு தொகுதிக்குச் சேரும். காரணம் கேட்டால் ‘அவருக்கு உடம்பு சரியில்லை என்றார்’. மண்டபத்தை விட்டு யாரும் நகரும் முன் பாரத்தை நிரப்புங்கள், காலி வரிகளைக் குறுக்கே அடியுங்கள், அடுத்த நிலை வாக்கு பெற்ற மாற்றுப் பேராளர்களை வரிசைப்படி எழுதுங்கள், ஒவ்வொரு பேராளரும் படம் எடுத்துக்கொள்ளட்டும். விலகல் என்றால் அவர் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும்.

தகராறு வந்தால்

கோபத்தில் நேரே நீதிமன்றம் போகலாம் என்பவர்களுக்கு: அம்னோ வழக்குக்குப் பிறகு 1990-இல் சங்கச் சட்டத்தில் 18சி பிரிவு சேர்க்கப்பட்டது. அரசியல் கட்சி தன் உள்விவகாரத்தில் எடுக்கும் முடிவே இறுதியானது, நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்கிறது அது. ஆகவே கட்சிக்குள் கொடுக்கும் முதல் புகாரே உங்கள் முழு வழக்கு என்று நினைத்து எழுதுங்கள்.

கூட்டத்திலேயே எழுந்து ஆட்சேபம் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கெடு எத்தனை நாள் இருந்தாலும் இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள், நாள் போகப் போகச் சாட்சிகள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு பக்கம் போதும்: எந்த விதி, எந்த நேரம், எந்தப் பெயர், முடிவை அது எப்படி மாற்றியது. ஏழு கள்ளக் கையெழுத்து இருந்து வித்தியாசம் மூன்று என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வித்தியாசம் இருபது என்றால் மறுதேர்தல் கேட்பதைவிடப் பட்டியலைத் திருத்தக் கேட்பது பலிக்கும். ‘நான் அன்று வரவில்லை, அது என் கையெழுத்தல்ல’ என்று சொல்பவரைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி எடுக்க வையுங்கள். கள்ளக் கையெழுத்து தண்டனைச் சட்டப்படி குற்றம் என்பதால் போலீஸ் ரிப்போர்ட்டும் செய்யலாம்.

கட்சி பதில் தராவிட்டால் சங்கப் பதிவிலாகாவுக்கு எழுதுங்கள். 2013-இல் நடந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) உதவித் தலைவர், மத்திய செயலவைத் தேர்தல்களை மறுபடி நடத்தச் சொல்லி 2014 டிசம்பரில் அங்கிருந்துதான் உத்தரவு வந்தது. கட்சிக்கு எழுதிய கடிதத்தின் பெற்றுக்கொண்ட நகல் இல்லாமல் அங்கே போகாதீர்கள். உள்ளே கேட்டாயா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அதுவரை வாக்குச் சீட்டுகளையும் கோடு போட்ட தாள்களையும் ஒரே உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் இரு தரப்பும் கையெழுத்திட்டு, தேர்தலில் நிற்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கோயில் தலைவரிடம் கொடுப்பதாக இருந்தால், அவர் மைத்துனர் போட்டியிட்டாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.